போர்வைக்கு மேல் வைத்த கை

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அத்தான். என்னைக் கூப்பிட்டதாகச் சொல்வது பொய். நான் பதில் சொன்னதாகச் சொல்வது அதைவிடப் பெரிய பொய்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். யப்பான் யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அவர்தான் வார்டன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். சைரன் ஊதினால் ஒவ்வொரு வீடாகப் போய் ஆட்களை வெளியே எடுத்துப் பதுங்குகுழிக்கு அனுப்புவது அவர் வேலை. ஒரு நாள் எல்லா வீடுகளையும் காலி செய்தார். தன் சொந்த வீட்டில் மட்டும் ஓர் ஆளை விட்டுவிட்டு, முன்கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டுப் போனார். அந்த ஆள் நான்.

நான் துறைமுகத்தடிக் கொட்டாஞ்சேனையில் சட்டை தைத்துப் பிழைத்தவள். யப்பான்காரன் வருகிறான், துறைமுகத்தைத்தான் முதலில் அடிப்பான் என்று பேச்சு எழும்பியதும் கொட்டாஞ்சேனையே பாதி காலியானது. அக்கா ஆள் அனுப்பி என்னை வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டாள். தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் தடிமன் பிடித்தது. காய்ச்சல் விட்டது, மூக்கொழுகல் நின்றது, ஆனால் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி வைத்ததுபோல் ஒரு பாரம். காதுக்குள் ஓயாத இரைச்சல். வெளியில் யாராவது கதைத்தால் அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் கதைப்பதுபோல் இருக்கும். என் குரல் மட்டும் மண்டைக்குள் முழங்கும். சோறு மெல்லுவதே எனக்குச் சத்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்யாத வைத்தியம் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் காதடியில் ஒத்தினேன். மூக்கைப் பொத்தி வாயை மூடி மெல்ல ஊதினேன். வேண்டுமென்றே கொட்டாவி விட்டேன், எச்சில் விழுங்கினேன். சில நேரம் காதுக்குள் ஏதோ சுருங்கி விரியும், திறக்கும்போல் இருக்கும், திறக்காது.

அன்று காலை அத்தான்தான் உள்ளிப்பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். இளஞ்சூட்டில் இரண்டு காதுக்கும் விட்டு, பஞ்சும் வைத்து அடைத்தார். காதுக்குள் எண்ணெய் விடாதே என்று இப்போது டாக்குத்தர்மார் சொல்கிறார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை.

"இப்ப கேக்குதே பிள்ளை?" என்று என் முகத்துக்கு நேரே வந்து கேட்டார். உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

"இல்லை அத்தான்" என்றேன்.

"அப்ப நல்லம். அக்கா உன்னை ஏசுறதும் கேக்காது" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் காது எவ்வளவு அடைத்திருந்தது என்று அந்த வீட்டில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். பஞ்சு வைத்தது அவர் விரல்.

பிறகு அக்கா நான் ஆவி பிடிக்கப் பின்னறையில் வேது வைத்தாள். நொச்சி இலையும் எலுமிச்சை இலையும் போட்டுக் கொதிக்கவைத்த பானை. நான் பலகையில் குந்தினேன். தலையில் துவாய் சுற்றி, மேலே தடித்த போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேது பிடிக்கிற ஆளின் போர்வையை இடையில் யாரும் தூக்கக்கூடாது. கூப்பிடவும் கூடாது, தொடவும் கூடாது. காற்றுப் பட்டால் நோய் உள்ளே அடித்துவிடும் என்பார்கள். அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

போர்வைக்குள் இருட்டு. ஆவி முகத்தைச் சுட்டது. என் இதயம் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழைய இரைச்சலும் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் இரைச்சல் மாறியது. மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. காது திறக்கப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அது சைரன். பிறகுதான் விளங்கியது.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. போர்வைக்கு மேலாக என் உச்சந்தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது. தட்டவில்லை, உலுக்கவில்லை. வைத்தபடியே இருந்தது. பாரமான கை. அக்கா வந்துவிட்டாள், பொறு என்கிறாள் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். கை மெல்ல ஒருமுறை அழுத்தியது. பிறகு எடுபட்டது.

வேது ஆறும்வரை இருந்துவிட்டுப் போர்வையை விலக்கினேன். திறந்து கிடந்த அறைக்கதவு சாத்தியிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். என் சத்தம் என் மண்டைக்குள்ளேயே சுற்றியது. சாப்பாட்டு மேசையில் இடியப்பம் பாதி தின்றபடி கிடந்தது. முன்கதவைத் தள்ளினேன், வெளியே பூட்டு. குசினிக் கதவால் இறங்கி வேலியால் நுழைந்து ஒழுங்கைக்கு வந்தேன். காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. காலி ஊருக்குப் போகும் பெரிய வீதிக்கு ஓடினேன். நடு வெயிலில் வீதி நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. ஒரு பஸ் கதவு திறந்தபடி நின்றது, உள்ளே ஆள் இல்லை. ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. அதன் சக்கரம் கடற்காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் அடுப்பில் விட்டுப்போன கேத்தலிலிருந்து ஆவி எழும்பியது. ஒரு நாய் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. குரைக்கிறது என்று தெரிந்தது. சத்தம் இல்லை.

நான் செத்துப்போனேன் என்று நினைத்தேன். வேதுக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிட்டேன், அந்தக் கை என்னை எடுக்க வந்த கை என்று நினைத்தேன். இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நினைத்தேன். பிணம் பின்னறையில் பலகையில் இருக்கும், போய்ப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றியது.

திரும்ப ஒழுங்கையால் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ரயில் பாதைக்கு அப்பால் அலை எழும்பி விழுந்தது, அதற்கும் சத்தம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், அத்தனை நாளும் செய்ததையே செய்தேன். மூக்கைப் பொத்தி, வாயை மூடி, ஊதினேன்.

வலது காதுக்குள் 'டப்' என்றது. சூடாக ஏதோ வழிந்தது. கடல் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது.

கடலுக்கு அடுத்ததாக நான் கேட்டது அத்தானின் குரல். தென்னந்தோட்டத்துப் பதுங்குகுழி வாசலில் நின்று பெரிய வார்டனிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒக்கோம இன்னவா, மாத்தயா."

எல்லாரும் இருக்கிறார்கள், ஐயா.

திரும்பியவர் என்னைக் கண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. செத்த ஆளைக் கண்ட முகம்.

அக்கா குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "நீ எங்கையடி நிண்டனி? பின்னால வாறாய் எண்டெல்லே இவர் சொன்னவர்."

"கூப்பிட்டனான்" என்றார் அத்தான். "'நீங்கள் போங்கோ, நான் வாறன்' எண்டவள்."

நான் பேசினால் என் மண்டை முழங்கிய நாள் அது. பேசியிருந்தால் எனக்குத் தெரியாதா?

எங்கள் பக்கம் குண்டு ஒன்றும் விழவில்லை. பின்னேரம் அக்கா விடாமல் கேட்டாள். "போர்வையைத் தூக்கிப் பாத்திருக்கலாமே?"

"வேது பிடிக்கிற ஆளின்ர போர்வையைத் தூக்கலாமே? காத்துப் பட்டால் காது போயிடும். நான் அறைக்குள்ளையே போகேல்லை. முன்வாசலில நிண்டுதான் கூப்பிட்டனான்."

இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். குண்டு விழுந்தாலும் போர்வையைத் தூக்கக்கூடாது என்பது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. கையைப் பற்றி நான் சொன்னேன். காய்ச்சல் தலைக்கேறினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அக்கா தான் கிணற்றடியிலிருந்தே குழிக்குப் போனதாகச் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

வெள்ளைக்காரன் போய்விட்டான், அக்காவும் போய்விட்டாள். அத்தானின் கதை மட்டும் போகவில்லை, வளர்ந்துகொண்டே வந்தது. போன மாதம் கொட்டாஞ்சேனையில் கலியாண வீட்டிலும் சொன்னார்: "குண்டு விழுந்தாலும் எங்கட மச்சாள் பவுடர் பூசாமல் வெளிய வராள்." பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டை, "உண்மையே மாமி, பவுடரே பூசினனீங்கள்?" என்று கேட்டது. நான் இலையை மடித்துவிட்டு எழும்பினேன்.

இன்றைக்கும் தடிமன் வந்து காது அடைத்தால் நான் போர்வை போடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வெறும் முகத்தைத்தான் பானைக்குக் காட்டுவேன். அப்போதும் உச்சந்தலையில் பாரம் வந்து அமர்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அத்தான், வருகிற மாதம் அக்காவின் திவசம். அன்று குழிக்குள் இருந்தவர்களில் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். நானும் வருவேன். படையல் எடுக்கமுதல், அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று, எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். பின்னால் வருகிறாள் என்று நினைத்த நீங்கள், எல்லாரும் இருக்கிறார்கள் என்று ஏன் சொன்னீர்கள்? வருகிறேன் என்று நான் சொன்னேன் என்றால் முன்கதவைப் பூட்டியது ஏன்? அறைக்குள் போகவில்லை என்றால் அந்தக் கதவைச் சாத்தியது யார்? என் தலையில் வைத்து அழுத்திய கை உங்களுடையதா, இல்லையா?

என் காது இப்போது நன்றாகக் கேட்கும். சபையில் சொல்லுங்கள்.