பாத்ரூமுக்கு மட்டும் ரத்தம் வேண்டாம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். வானமும் பூமியும் சாட்சி என்றுகூட எழுதியிருப்பேன். ஆனால் இது நடந்தது சன்னல்கூட இல்லாத ஒரு பாத்ரூமில். சாட்சி என்று பார்த்தால் நானும் என் மாமாவும்தான். மாமா இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாமா என்றால் இளவரசி அக்காவின் கணவர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் மனை புரோக்கர். விசிட்டிங் கார்டில் 'டவுன்ஷிப் நிறுவனர்' என்று இருக்கும். பெருமுக்கல் போகும் வழியில் புது வீடு கட்டினார். அந்த வட்டாரத்தில் முதல் பாத்டப் தன் வீட்டில்தான் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்கப் போன இடமெல்லாம் முகூர்த்த நேரத்தைச் சொல்வதற்கு முன் டப்பின் நீளத்தைச் சொன்னார். நான் விழுப்புரத்திலிருந்து முந்தின நாளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் தச்சு கழித்தார்கள். குடிபோவதற்கு முன்பு வீடு கட்டிய ஆட்கள் சேவல் அறுத்து, ஒவ்வொரு அறையிலும் ரத்தம் தெளித்து, கட்டும் காலத்தில் உள்ளே வந்து ஒண்டிய எதுவாக இருந்தாலும் ஒரு வைக்கோல் பொம்மையில் ஏற்றி வாசல் வழியே விரட்டிவிடுவார்கள்.

மேஸ்திரி சித்தார்த்தன் கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தார். தலை தனியே விழுந்தது. உடம்பு அவர் கையில் துடித்துக்கொண்டே ஹால், சமையலறை, படுக்கையறை என்று சுற்றி வந்தது. பாத்ரூம் வாசலில் மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"இங்க வேணாம் மேஸ்திரி. டப்பு வெள்ளை. கறை புடிச்சிக்கினா போவாது."

"ஒரு ரூம விட்டா எப்பிடிங்க? எல்லாத்தையும் ஓட்டிக்கினு வந்து இங்க குடிவெச்ச மாதிரி ஆயிடும்."

"வந்தா குளிச்சிட்டுப் போவட்டும். சோப்பு இருக்குது."

நான் சிரித்தேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. வைக்கோல் பொம்மையை இழுத்துக்கொண்டு ஆட்களோடு மனையின் எல்லைக்குப் போனார், கொளுத்துவதற்கு.

மாமாவுக்கு வேறு கவலை. டப்புக்குக் குழாய் மாட்டவில்லை. பிளம்பர் இரண்டு நாளாக ஃபோன் எடுக்கவில்லை. விடிந்தால் சொந்தக்காரர்கள். குழாய் இல்லாத டப்பைப் பார்த்தால் மாட்டுத் தொட்டி என்பார்கள்.

"வீடியோ பாத்துட்டேன் மச்சான். எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. வா, ஜல்தியா மாட்டிடலாம்."

மணி ஏழு பத்து. அக்கா பழைய வீட்டில். உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டி டப்புக்குள் இறங்கினார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பைப் வாயிலும் வெள்ளை டேப்பைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்கு ஒரு விளக்கவுரை. சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் பொதுவான மிக்சரை அவர் பிடிக்க, நான் ஸ்பேனரால் முறுக்கினேன். மேலே ஷவர். கீழே டப்புக்குழாய். பக்கத்தில் கைஷவர், பாம்பு மாதிரி வளைந்த அதன் எஃகு ஓஸ்.

"பாத்தியா? பிளம்பருன்னு ஒருத்தன் எதுக்கு?"

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"காத்து" என்றார் மாமா. எந்தப் பக்கத்துக் காற்று என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த வாடை... அறுத்த சேவலின் வாடை. இந்த அறையில் தெளிக்கவே இல்லையே.

பிறகு சுவருக்குள் சத்தம். டொக்... டொக்... டொக்... யாரோ விரலை மடக்கிப் பைப்பை உள்ளிருந்து தட்டுவது போல. மேலேயிருந்து இறங்கி வந்தது. மிக்சருக்கு நேராக நின்றது.

"ஏர் லாக்கு" என்றார். அதுவும் வீடியோவில் வந்திருக்க வேண்டும். திருகினார்.

தண்ணீர் கொட்டியது. வெதுவெதுவென்று. கீசர் இன்னும் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

"மூடுங்க மாமா."

மூடினார். நிற்கவில்லை.

கணுக்கால் வரை... முழங்கால் வரை...

ஓஸ் அசைந்தது. யாரும் தொடவில்லை.

அடுத்த நொடி அவர் கழுத்தில் இரண்டு சுற்று.

தலை பின்னால் இழுபட்டு டப்பின் விளிம்பில் மோதியது. மட். மறுபடி தூக்கி... மட். முன்பல் தெறித்தது. வெள்ளை டப்பில் சிவப்பு பரவியது.

"மச்சா... கதவு..."

இழுத்தேன். வரவில்லை. ஸ்பேனரால் அடித்தேன். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

திரும்பினேன். அவர் முகம் தண்ணீருக்குள். கால்கள் மட்டும் வெளியே. குதிகால் உதைத்துச் சுவர் டைல்ஸ் நொறுங்கியது.

ஓஸைப் பிடித்து இழுத்தேன்.

மறுமுனையை யாரோ இழுத்தார்கள்.

கால்கள் உதைப்பது குறைந்தது...

ஸ்பேனரை ஓங்கினேன். மிக்சர் மேல். ஒன்று. என் கட்டைவிரல் நசுங்கியது. இரண்டு.

மூன்று.

மிக்சர் சுவரிலிருந்து பிய்ந்து விழுந்தது.

ஓஸ் தளர்ந்தது. கதவு தானாகத் திறந்தது.

மாமாவைத் தலைமுடியைப் பற்றி ஹாலுக்கு இழுத்தேன். மூச்சில்லை. நெஞ்சில் குத்தினேன். மறுபடி குத்தினேன். இருமினார். ரத்தமும் தண்ணீருமாகக் கக்கினார். மணி எட்டு ஐந்து.

சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தார். மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிரம்பி வழிந்த டப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதுங்க இவ்ளோ தண்ணி?"

"குழாய்ல வந்துச்சு."

அப்போதுதான் கவனித்தேன். மிக்சர் பிய்ந்த இடத்தில் இரண்டு பைப்பும் வாயைத் திறந்தபடி. ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

மாமா தரையில் கிடந்தபடியே மேஸ்திரியின் காலைப் பிடித்தார். "இன்னொரு சேவலு... இப்பவே தெளிச்சிடு..."

"இனிமே எதுக்குங்க? அதுக்கு வேண்டிய ரத்தத்த அதுவே எடுத்துக்கிச்சி."

மாமாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மேஸ்திரி என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். டார்ச் அடித்தார். டேங்கைத் தட்டினார். டங் என்றது. காலி. பாத்ரூமுக்கு இறங்கும் பைப்புகள் டேங்குக்குப் பக்கத்தில் தனியாக நின்றன. இரண்டின் வாயிலும் மூடி.

"இந்த ரூமுக்கு இன்னும் லைனே குடுக்கலீங்க."

மூடிகளின் மேல் சிலந்தி வலை. எங்கும் அறுபடாத வலை.

கிரகப்பிரவேசம் குறித்த நேரத்தில் நடந்தது. மாமா கழுத்தைச் சுற்றிப் பட்டுத்துண்டு போட்டிருந்தார். டப்பைப் பார்த்த எல்லோரும் குழாய் எங்கே என்று கேட்டார்கள். பல் போன சந்தில் காற்று போக, "சென்சாரு" என்றார்.

வீட்டில் அவர் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. கக்கூஸுக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். முடிகிற வரை அக்கா எதிரில் நிற்க வேண்டும்.