தர்ஷினியை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது?

சிறப்பாசிரியர் வேலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுகூட வந்துவிடும். "நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க டீச்சர்" என்று பெற்றவர்கள் கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் கடைசிவரை வராது. அன்னவாசல் பக்கத்துப் பள்ளிகளை ஸ்கூட்டியில் சுற்றி, காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைப்பது என் பிழைப்பு. ஊர்ப் பள்ளியிலேயே இருக்கட்டும் என்றால், "கவனிக்க ஆளில்லாத எடத்துல தள்ளிட்டீங்க" என்பார்கள். சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றால், "பெத்த புள்ளையப் பிரிச்சுட்டீங்க" என்பார்கள். கல்யாணத் தரகர்களே, எந்த டாக்டரிடம் போகலாம் என்று யோசனை சொல்லி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது புரியும். தர்ஷினி விஷயத்தில் நான் பட்ட பாட்டை உங்களிடம்தான் சொல்லி ஆற முடியும்.

ஒரு சுழி பிசகவில்லை

தர்ஷினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஆபரேஷன் செய்து கருவி பொருத்தும் வயது தாண்டிய பிறகுதான் என் கண்ணில் பட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்போது அவள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வாரத்தில் ஒருநாள் நான் போய்ச் சைகை சொல்லிக்கொடுப்பேன். மற்ற நாளெல்லாம் அவள் பாடு, அந்தப் பள்ளியின் பாடு.

ஒருநாள் தலைமையாசிரியர் என்னை உட்காரவைத்து, அவளைப் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். எழுதினாள். ஒரு சுழி பிசகவில்லை. பாடம் முடிந்த பிறகு கீழே இருந்த பக்க எண்ணையும் விடாமல் எழுதினாள். நான் 'பசு' என்ற சொல்லைத் தொட்டு, என்ன இது என்று சைகையில் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பசு நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தர்ஷினி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நான் கேட்டது அதுதான்போல என்று நினைத்து, பக்கத்திலேயே இன்னொரு 'பசு' எழுதினாள். தலைமையாசிரியருக்கோ பெருமை தாங்கவில்லை.

"நல்லா காது கேக்குற பயலுகளே இப்படி எழுத மாட்டேங்குறானுங்க டீச்சர், இவள எதுக்கு வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்?"

வெள்ளிக்கிழமை மெஷின்

அரசாங்கம் கொடுத்த காது மெஷின் அவளிடம் இருந்தது. அதைப் போட்டால் பஸ் ஹாரனும் மேளமும் கேட்கும். ஆனால் நான் போகிற நாளெல்லாம் அவள் காது வெறுமையாகவே இருந்தது. வீட்டுக்குப் போய் அவள் அம்மா சத்யாவைக் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினார். மெஷின் ஒரு டப்பாவில், பேட்டரி தனியாக, உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப அதன்மேல் ஒட்டி, பத்திரமாக இருந்தது. தர்ஷினியின் அப்பாவுக்குச் சௌதியில் லாரி ஓட்டும் வேலை. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றுதான் வீடியோ காலில் வருவார். வந்ததும் முதலில் பிள்ளையின் காதைத்தான் பார்ப்பாராம். அதற்காகத்தான் இந்தச் சேமிப்பு. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அந்தப் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று சொன்னபோது சத்யாவின் முகம் சுருங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் இருந்தேன். மெஷினை மாட்டி, சத்யா போனுக்குப் பின்னால் நின்று வாயசைத்துக் காட்ட, தர்ஷினி சிரமப்பட்டு "ப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பா எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்று அவளுக்குச் சொல்ல எங்கள் யாருக்கும் வழி தெரியவில்லை. போனை வைத்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள் என்றார் சத்யா. அப்பா போனை வைப்பதற்கு முன்பே நான் அவரிடம் குறுக்கிட்டு, புதுக்கோட்டையில் காது கேளாதவர்களுக்கான பள்ளி இருக்கிறது, ஹாஸ்டலும் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு அவர் சொன்னது:

"அங்கிட்டுப் போட்டா எல்லாம் கையாலதான் பேசுமாமே; இப்ப எம்புள்ள அப்பான்னு ஒரு வார்த்த சொல்லுது, அதையும் கெடுத்துராதீங்க டீச்சர்."

சத்தமே இல்லாத பரீட்சை

அடுத்த மாதமே நான் தலைகீழாக மாறினேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் என்னிடமிருந்து சைகையைத் திருடிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினிக்கு என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள்: இரண்டு காதோரமும் தொட்டு, ரெட்டை ஜடையைக் காட்டுவது. அவளும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். தலைமையாசிரியருக்கு வைத்த பெயர் அவர் தொந்தி. அது அவருக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளை விட்டு இவளை எதற்குப் பிரிக்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்று வண்டி ஓட்டும்போது எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. ஓட, பிடிக்க, தண்ணீர் குடிக்கப் போக, சார் வருகிறார் என்று எச்சரிக்க, இதற்கெல்லாம் அவர்களுக்குக் கை போதும். யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால் கைகள் நின்றுவிடும். எல்லாரும் சிரித்த பிறகு, எதற்கென்று தெரியாமல் அவளும் சிரிப்பாள். பரீட்சை முடிந்த அன்று தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு சத்தமில்ல, ஆனா கிளாஸ் மொத்தமும் ஒரே தப்பப் போட்டிருக்கு, ஒரு புள்ளைக்குச் சொல்லிக்குடுங்கன்னு விட்டா, எல்லாத்துக்கும் காப்பியடிக்கச் சொல்லிக்குடுத்துட்டீங்களே டீச்சர்!"

ரெட்டை ஜடை

பார்த்துவிட்டு வரலாம், சேர்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் சத்யாவையும் தர்ஷினியையும் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். இன்டர்வெல் நேரம். மைதானம் முழுக்கப் பிள்ளைகள், அத்தனை பேரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை ஒரு பக்கம், வம்பு ஒரு பக்கம். தர்ஷினி கேட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பெரிய பிள்ளை ஒருத்தி வந்து, உன் பெயர் என்ன என்று சைகையில் கேட்டாள். இவள் இரண்டு ஜடையையும் தொட்டுக் காட்டினாள். அந்தப் பிள்ளை அதை அப்படியே திருப்பிச் செய்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் ஆபீஸில் பேசிவிட்டு வரும்போது தர்ஷினி வேப்பமரத்தடியில் ஒரு கும்பலுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ எதையோ கதையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்ப மறுத்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். பிய்த்துத்தான் எடுத்து வந்தோம். பஸ்ஸில் சத்யா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். சேர்க்க மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் சொன்னதற்காகவா என்று கேட்டேன்.

"அதுக்கில்ல டீச்சர், பெத்ததுலேருந்து நான் ஒரு தடவகூட அவள அப்படிச் சிரிக்க வச்சதில்ல, இங்க விட்டுட்டா எனக்கு அவகிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

எந்த ஊருக்கு டிக்கெட்?

என் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் வேறு, "சேர்த்துப் படிக்கவைக்கத்தான் நமக்குச் சம்பளம், நீயே பிரிச்சு அனுப்புனா எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு ராத்திரி அனுப்பலாம் என்று தோன்றும், விடிந்தால் வேண்டாம் என்று தோன்றும்.

முடிவை எடுத்தது நாங்கள் யாருமில்லை. மறுவாரம் தர்ஷினி காலையில் பள்ளிக்குப் போகாமல், பையோடு மெயின் ரோட்டுக்குப் போய்ப் புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கிறாள். பின்னால் வரும் லாரி ஹாரன்கூடக் கேட்காத பிள்ளை. கண்டக்டர் இறங்கி, கையைப் பிடித்து, வீடு விசாரித்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போய் நின்றாள். அன்றைக்கு சத்யா போன் செய்து, நான் பதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கண்டக்டர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருக்குன்னு கேட்டா ரெண்டு ஜடையையும் தொட்டுத் தொட்டுக் காட்டுதும்மா, எங்க போகணுமோ அங்கிட்டு நீங்களே கூட்டிட்டுப் போய் விட்ருங்க, என் பஸ்ஸுல அடிபட்டுச் சாக வேணாம்!"

ஒங்க ஹாஸ்டல்

ஜூன் மாதம் சேர்த்தாயிற்று. பழைய பள்ளிக்கு நான் போகும்போதெல்லாம் பிள்ளைகள் காதோரம் தொட்டு, எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ தப்பு செய்தவளைப்போல நின்றேன். சத்யா சனிக்கிழமைதோறும் ஹாஸ்டலுக்குப் போய் மகளிடமே சைகை படித்தார். கை வணங்கவில்லை என்று என்னிடம் போனில் எரிந்து விழுவார்.

காலாண்டு லீவில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் இருந்தேன். அப்பா வீடியோ காலில் வந்தார். மெஷின் எங்கே, பிள்ளை ஏன் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்று குரல் உயர்ந்தது. தர்ஷினி நிறுத்தவில்லை, வேகவேகமாக எதையோ கேட்டாள். சத்யா இரண்டு முறை திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "ஒங்களத்தாங்க கேக்குறா, ஒங்க ஹாஸ்டல்ல எப்ப லீவு விடுவாங்கன்னு" என்றார்.

போனில் அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு, "தெரியலன்னு சொல்லு" என்றார். தர்ஷினி அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்யா கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார், என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், 'தெரியல'ங்கிறதக் கையில எப்படிச் சொல்றது?"

எந்தப் பள்ளிக்கூடம் சரி என்று கேட்டு வந்த பெற்றவர்களிடம் இத்தனை வருஷமாக வாயால் சொல்லத் தைரியமில்லாத பதிலை, அன்று சத்யாவுக்குக் கையால் சொல்லிக்கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.