ஏற்றத்தில் உட்காராதவர்

சாம்பார்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே கதையை நிறுத்திவிட்டார் கலைமணி அக்கா. "மீதி நாளைக்கு. தட்டைப் புடி சாமி." வரிசையில் நின்ற பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரைக் காக்காய்கள் பறந்தன.

கொல்லிமலைமேல் வாழவந்தி நாட்டுப் பள்ளியொன்றில் சத்துணவு சமைப்பவர் இவர். பகலில் முட்டை உரிக்கிற கை, சாயங்காலம் நாவல் எழுதுகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான சரித்திரக் கதை. போருக்குத் தப்பிக் காஞ்சியிலிருந்து ஓடிவரும் ஓர் அக்காவும் தம்பியும் கொல்லிமலை ஏறுகிறார்கள். "எங்க முன்னோருங்க அப்படித்தான் வந்தாங்களாம். எங்கம்மாவப் பெத்த அப்புச்சி சொல்லுவாருங்க" என்னும்போது தோள் தானாக நிமிர்கிறது. அதே பள்ளியில் வாத்தியாராக இருக்கும் எனக்கு அந்தத் திமிர் பிடித்திருக்கிறது.

நடையிலும் அதே திமிர்தான். பஸ் ஓடுகிற காலத்திலும் ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக்கு இறங்கி, பையும் சுமையுமாக ஏறி வருவார். ஏற்றத்தில் உட்கார்ந்ததே கிடையாது. "உக்காந்தா மலையே சிரிக்குமுங்க. நாங்க மலைக்காரிங்க."

அச்சுக்குக் கொடுக்கவிருந்த கதையை எட்டாம் வகுப்பு மோனிஷா கவிழ்த்துவிட்டாள். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸம்மாவின் மகள். "ஏனுங்க அக்கா, கதையில வர்ற அக்காவும் தம்பியும் எங்களாட்டம் கீழ்நாட்டுப் பிள்ளைங்கதான? மூச்சு வாங்காம, ஓரிடத்துலகூட உக்காராம எப்படி ஏறுவாங்க? நம்பவே முடியலீங்க."

கலைமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "படிக்கிற புள்ளயே நம்பலீன்னா, எங்க சனம் வந்த கதைய வேற ஆருங்க நம்புவாங்க?" என்று என்னிடம் பொருமினார்.

சனிக்கிழமை, நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஏற முடியும் என்று காட்ட மோனிஷாவை அடிவாரத்துக்கே கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். ஏறும்போது என் தொப்பை பட்ட பாட்டை விடுங்கள். பாதி ஏற்றத்தில் மோனிஷா ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர்.

"கால் நடுங்குதுக்கா. இதுக்கு மேல முடியாது."

வேறொரு நாளாக இருந்தால் அதட்டி எழுப்பியிருப்பார். அன்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியிருக்கும்" என்றார் மெதுவாக. "பின்னாடி படை. முன்னாடி மலை. அட சாமி, இந்தக் காலோடயா ஏறி வந்தாங்க எங்க சனம்!"

அப்படியொரு பெருமையை அவர் குரலில் அதுவரை நான் கேட்டதில்லை.

தோள்பையை இறக்கி வைத்தார்.

"கொஞ்சம் நகரு கண்ணு" என்று சொல்லி, அந்த ஏற்றத்தில், மோனிஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.