ராமையாவின் ஹைட்ரஜன் அடுப்பு

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். ஆசிட் தெறித்துச் சட்டை பொத்தலானது, பரீட்சை அன்று பைப்பில் தண்ணீர் நின்றது என்று சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் ராமையாவின் முகம்தான் முதலில் வருகிறது.

ராமையா கோவிலூர் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். லேபில் கழித்த ஸ்டாண்டு, பர்னர்களை எடுக்க வந்து பழக்கம். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி முத்துலட்சுமி அங்கே இட்லி அவித்து விற்றார்.

ஒருநாள் ராமையா போனில் ஒரு வீடியோவை நீட்டிக்கொண்டு லேபுக்கு வந்தார்.

“அண்ணே, அலுமினியத் துண்டைக் காஸ்டிக் சோடாத் தண்ணியில போட்டா ஹைட்ரஜன் வருமாம்ல? அதுல அடுப்பு எரிக்கிறான் பாருங்க. நெசந்தானா? எங்கிட்ட இல்லாத அலுமினியமா!”

“நெசந்தான்” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு டெஸ்ட் டியூபை எடுத்துச் செய்தே காட்டினேன். டியூபின் வாயில் தீக்குச்சியைக் காட்டியதும் ‘பப்’ என்று சத்தம் வந்தது. ராமையா கைதட்டினார்.

“விஞ்ஞானிண்ணே நீங்க!”

அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். அந்த ஒரு வார்த்தையில் மயங்கிவிட்டேன். டெஸ்ட் டியூபில் செய்வது வேறு, வீட்டில் செய்வது வேறு. கலவை சூடேறிப் பொங்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. காற்றோடு கலந்தால் அந்த வாயு வெடிக்கும். எல்லாம் தெரியும். “பாத்துச் செய்யுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சில நாள் கழித்து போன் செய்தார்.

“பெயிண்ட் டின்னுல மூடி போட்டு டியூப் மாட்டிட்டேண்ணே. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீகளா? நீங்க பாத்தாத்தான் எனக்குத் தைரியம்.”

லேபில் பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

“இந்த வாரம் நகர முடியாது ராமையா. சின்னதா ஆரம்பிங்க. ஞாயித்துக்கிழமை வாரேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்துலட்சுமி போனில் அழுதார். நுரை ஏறி டியூப் அடைத்துக்கொள்ள, குனிந்து பார்த்த ராமையாவின் முகத்தில் மூடி தெறித்து, கொதிக்கும் காஸ்டிக் கண்ணுக்குள் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நானும் அடுத்த பஸ்ஸில் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “பட்ட உடனே தண்ணி விட்டுக் கழுவுனீங்களா?”

“துண்டால தொடச்சுட்டு ஆட்டோவுல ஏத்துனோம்யா. தண்ணி பட்டா இன்னும் எரியுமோன்னு பயந்துட்டோம்” என்றார் முத்துலட்சுமி.

கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவு என்று லேப் சுவரில் எழுதி ஒட்டியவனே நான்தான். வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

டாக்டர் போனதும் முத்துலட்சுமி என்னைப் பார்த்தார்.

“இது ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்மா.”

“வீட்டுல தொட்டி நெறையாத் தண்ணி கெடந்துச்சேண்ணே. ஒரு வார்த்தை சொல்லலையே நீக.”

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வைதான் மிச்சம். இட்லிக் கடையை மூடிவிட்டு முத்துலட்சுமி இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒருநாள் கடைக்குப் போய் ராமையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்னண்ணே பண்ணுவீக, நாந்தானே செஞ்சேன்” என்றார். முத்துலட்சுமி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் வராமல் இருந்ததுதான் எனக்குச் சரியென்று பட்டது.

லேபில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெளியாள் யாராவது வந்து இது நிஜமா என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் செய்யப் போகிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறினால் என்ன ஆகும், உடனே என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டு போகலாம். போகட்டும்.