இராமதாஸ் கார் விற்கிறார்

"மொதல்ல பானெட்ல கை வெச்சுப் பாருங்க சார். சில்லுனு இருக்குதா? அப்டித்தான் இருக்கணும். சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சு உங்கள ஏமாத்தறான்னு அர்த்தம்."

வாங்க வந்தவருக்கு இதைச் சொல்லித்தருகிறவர் விற்கிறவர். கருவடிக்குப்பத்தில் ஏ.சி. ரிப்பேர் செய்யும் இராமதாஸ், தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்கப்போவதாகச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறு தவறாமல் யாராவது வந்து பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் டீ குடித்துவிட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். காரை மட்டும் வாங்குவதில்லை.

வண்டிக்கு இரண்டு கதவு, இரண்டே சீட்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடிவிட்டது. இடது சீட்டில் பெரும்பாலும் பழுதான கம்ப்ரஸர் ஒன்று சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மகள் இனியா பிறந்ததிலிருந்து குடும்பம் மூன்று பேராக அதில் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. மனைவி கலையரசிக்கு வேண்டியது அந்தக் கார் நிற்கிற ஷெட். அங்கே மாவுக் கடை போடுவதற்காகக் கிரைண்டரே வாங்கியாயிற்று. அது அட்டைப்பெட்டியோடு ஹாலில் டி.வி.யை மறைத்துக்கொண்டு நிற்பதால், வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் கழுத்தைச் சாய்த்துத்தான் பார்க்கிறார்கள்.

"வண்டி வெளிய போனாத்தாங்க கிரைண்டர் உள்ள போவும்" என்பாள் கலையரசி.

"நான் வேணான்னா சொல்றேன்? வித்துடலாம். பொய் சொல்லி விக்கக் கூடாது, அவ்ளோதான்" என்பார் இராமதாஸ்.

சரி, பொய் சொல்லாததோடு மனுஷன் நிற்கிறாரா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாங்க வந்தவர் கையில் கொடுப்பார். "கதவுல வெச்சுப் பாருங்க, ஒட்டுதா? இப்ப பின்னாடி வைங்க. வழுக்குது பாருங்க! உள்ள பட்டி பூசியிருக்குது சார். இடி வாங்குன எடம்." அடுத்து சீட் பெல்ட். "முழுசா இழுங்க, கடைசி வரைக்கும். மண்ணுக் கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி." இதில் கறை இருக்காது. நல்லதாக ஒன்று வெளிப்பட்டுவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "அத வுடுங்க, அடியில பாருங்க" என்று பிளாஸ்டிக் பாயை விரித்து, இஸ்திரி கலையாத சட்டையோடு வந்த ஆளை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார். "கடல் காத்து சார். உப்பு எப்படி அரிச்சிருக்குது பாத்தீங்களா? நீலமா பொகை வருதே, அது ஆயில் குடிக்குது. மேம்பாலத்துல மூணாவது கியர் போட்டு அழுத்துங்க, சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கிளட்ச் காலி!"

சொல்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை வாங்கிய பரிசை எல்லாம் அடுக்குகிற தகப்பன் முகம் அது. வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் வண்டிக்குத் துணி போர்த்திவிட்டு, விசில் அடித்துக்கொண்டே சாப்பிட வருவார்.

"ஊருக்குத்தான் நீங்க யோக்கியரு. உங்க திருட்டுத்தனம் எனக்குத் தெரியாதா?" என்று தட்டை 'ணங்'கென்று வைப்பாள் கலையரசி.

போன ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி வந்தார். காலாப்பட்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற பெண். பாயைக் காட்டுவதற்கு முன்பே வெறுந்தரையில் படுத்து வண்டிக்கடியில் புகுந்துவிட்டார். இராமதாஸ் உப்பு, பட்டி, புகை, கிளட்ச் என்று வழக்கமான கச்சேரியை முடித்தார். அடியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்று குரல் வந்தது. இராமதாஸுக்கு வியர்த்துவிட்டது.

"ரேடியோ பாடாதுங்க."

"நான் பாடிக்கறேன்."

"மழை பேஞ்சா டாப்பு ஒழுவும்."

"கொடை இருக்குது."

"எடது பக்கக் கண்ணாடி எறக்குனா ஏறாது."

"அப்ப எறக்க மாட்டேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா இந்தத் தலைவலி?" ஏறக்குறைய கெஞ்சினார்.

சுடர்விழி வெளியே வந்து முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டார். "சார், பாத்த எடத்துல எல்லாம் புது வண்டி மாதிரின்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் இதுக்கு எங்கெங்க வலிக்கும்னு சொல்றீங்க. இப்படிப் பாத்துக்கிட்ட ஆளுகிட்ட வாங்காம வேற யாருகிட்ட வாங்கறது?"

வந்தவர்களை எல்லாம் விரட்டி அனுப்பிய வாய், கடைசியில் வண்டியையே அனுப்பிவிட்டது. உள்ளே கலையரசி கிரைண்டர் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை சுடர்விழி வந்து சாவியை வாங்கினார். வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும் நீலமாகப் புகைவிட்ட அந்தத் துரோகி, அன்றைக்குப் பார்த்து ஒரு பொட்டுப் புகை இல்லாமல் கிளம்பி, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

கலையரசி வாளியும் சோப்புத் தூளும் தென்னந்துடைப்பமுமாக ஷெட்டுக்குள் வந்தாள். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் இராமதாஸ் நின்றுகொண்டிருந்தார். அவர் வலது காலுக்கடியில் ஒரு கறை மிச்சமிருந்தது.

"காலத் தூக்குங்க."

அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தாங்க."

கால் அசையவில்லை. கலையரசி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் காலைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.