ரபேல் அத்தானின் கரிக் கார்

ரபேல் அத்தான் என் அக்காள் சூசையம்மாளின் கணவர். மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுவதும் துடைப்பதும்தான் அவர் வேலை. கார் நின்றுபோனால் முன்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார், பிறகு மூடிவிடுவார். "எனக்கு ஸ்டேரிங் தெரியும், எஞ்சின் தெரியாது" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னவர்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை சிங்கப்பூருக்கு ஓடினார். கார் கொட்டகையில் நின்றது. அடுத்த வருடம் பெட்ரோல் அடியோடு இல்லை. ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால்வெட்டு நின்று, மரவள்ளி நட்டோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிப்பதும் அப்போதுதான் தொடங்கியது. லாபிஸ் ஸ்டேஷனில் ஏறிப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி தங்கராஜு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ரபேலு, புதுசா வந்திருக்கிற ஜப்பான்காரன் கார் கேக்கிறான். கரியில ஓடுற மாதிரி மாத்தணுமாம். அடுத்த சயாம் ரயிலுக்குள்ள ஓடுச்சுன்னா நீ டிரைவரு. இல்லேன்னா வேலையில்லாத ஆளு. வேலையில்லாத ஆள எங்க அனுப்புறாங்கன்னு தெரியுமில்ல?"

"செகாமட் பட்டறைக்கு அனுப்பலாமே ஐயா?"

"அங்க பட்டாளத்து லோரியே வரிசையில நிக்குது. நம்ம கார எவன் தொடுவான்?"

"நானே செஞ்சு, எஞ்சின் கெட்டுப்போச்சுன்னா?"

கிராணி குரலைத் தாழ்த்தினார். "வேணும்னே கெடுத்தேன்னு சொல்வான். அதுக்குச் சயாமே தேவலாம்."

மறுநாள் அத்தான் லாபிஸ் கடைத்தெருவுக்குப் போனார். கிழங்கு விற்க அக்காளும் நானும் கூடப் போனோம். அங்கே ஆ சோங் என்ற சீனரின் லோரி கரியில்தான் ஓடியது. பின்னால் ஓர் இரும்பு டிரம். அதில் கரி எரியும். அதிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக ஆறி, தேங்காய் நாரில் வடிகட்டப்பட்டு, எஞ்சினுக்குப் போகும்.

"செண்டிரி பிக்கின்?" என்று ஆ சோங் மலாயில் கேட்டுச் சிரித்தார். நீயேவா செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். பிறகு, "போலே, போலே. ஹாத்தி-ஹாத்தி லா" என்றார். செய்யலாம், கவனமாகச் செய் என்று அர்த்தம். வீட்டுக்குள் வைத்து மூட்டாதே, அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் அத்தான் வீட்டில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே அக்காளிடம் சொன்னார்: "டிரம்மு, குழாயி, வடிகட்டி எல்லாம் தனியாத்தானே செய்யணும்? அது கெட்டா டிரம்மு கெடும், காருக்கு ஒண்ணும் ஆவாது. குழா முனையில நெருப்பு வச்சா அந்த வாயு நீலமா எரியணுமாம். அது எரியிற வரைக்கும் எஞ்சின் கிட்டயே போக மாட்டேன்."

"எரியலேன்னா?"

"சயாம்தான். ஆனா கார கெடுத்தவன்னு அடி வாங்காம போவேன்."

"போற வழிய நல்லாத்தான் யோசிச்சு வச்சிருக்கீங்க. எரியிற வழிய யோசிங்க."

தோட்டத்துக் கொல்லர் அய்யாவு டிரம்மில் துளை போட்டுக் கொடுத்தார். துரை பங்களாவின் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இணைப்புகளில் இம்மியும் காற்றுப் புகக்கூடாது என்று ஆ சோங் சொல்லியிருந்தார். அதற்கு என்ன பூசுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ரப்பர்தான். கூரை ஒழுகினால் பால் பூசுவோம். வாளி ஓட்டையானால் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலால் அடைப்போம். அத்தானும் டிரம் மூடியிலிருந்து கடைசிக் குழாய் வரை ரப்பர் ஷீட்டைச் சுற்றிப் பால் பூசி, அழகாக முடித்தார்.

வெட்டவெளியில் தீ மூட்டினார்கள். அய்யாவு துருத்தி போட்டார். முதலில் வெள்ளைப் புகை வந்தது. பிறகு மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பாகாக உருகி ஒழுகித் தீப்பிடித்தது. கறுப்புப் புகை மரத்துக்கு மேலே போயிற்று.

அய்யாவு இருமிக்கொண்டே, "குண்டு விழுந்துருச்சுன்னு ஜப்பான்காரன் ஓடி வரப்போறான் மச்சான்!" என்றார்.

அக்காளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடுப்புக்கு எவனாவது ரப்பரு பூசுவானா? அடுப்புன்னா மண்ணு!"

அத்தான் சிரிக்கவில்லை. ஆறிய குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரலில் தார்போல ஒட்டியது. எஞ்சினில் மாட்டியிருந்தால் இந்நேரம் அதன் கதி முடிந்திருக்கும். விரலைத் துடைத்துவிட்டு அக்காளைப் பார்த்தார். "அப்ப நீயே பூசு."

அக்காள் புற்றுமண்ணைச் சாம்பலோடும் நறுக்கிய தேங்காய் நாரோடும் குழைத்தாள். எங்கே மண், எங்கே ரப்பர் என்று பார்க்க, மீண்டும் தீ மூட்டியபோது குழாய் நெடுக நான் கை வைத்துப் பார்த்தேன். கை பொறுக்காத இடத்துக்கெல்லாம் மண். கை பொறுக்கும் இடத்துக்கு, எஞ்சின் பக்கம் வரும் கடைசி இணைப்புகளுக்கு மட்டும், ரப்பர்.

மண் காய்ந்ததும் மறுபடி சோதித்தார்கள். அய்யாவு துருத்தியை விடாமல் அழுத்தினார். வெள்ளைப் புகை வந்து நின்றது. அத்தான் கொள்ளியைக் குழாய் முனையில் காட்டி எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை காட்டினார்.

"போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல வெயில். குழாய் முனைக்கு மேலே மட்டும் காற்று நடுங்குவதுபோல எனக்குப் பட்டது. ஆண்கள் நடுவே பேச எனக்குக் கூச்சம். காய்ந்த லாலாங் புல் ஒன்றைப் பிடுங்கி அங்கே நீட்டினேன். புல் பற்றிக்கொண்டது.

"எரியுது அத்தான்" என்றேன்.

அவர் எழுந்து வந்து, சட்டையைக் கழற்றி வெயிலை மறைத்துப் பார்த்தார். நீலமாக எரிந்தது. அக்காள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. குழாயை இரண்டு முறை கழற்றித் துடைத்த பின்புதான் எஞ்சினில் மாட்டினார். அய்யாவு காருக்கு முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுற்றினார். எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு ஓடத் தொடங்கியது. மேட்டில் ஆள் நடக்கும் வேகம்தான். ஆனாலும் ஏறியது.

இரண்டு நாளில் ரயில் வந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து சின்னத்தம்பி அண்ணன் போனார். அவர் மனைவி ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அத்தானை யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் கிராணி வந்தார். "ரபேலு, காலைல செகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகணும். காய்ச்சக்காரங்க ரெண்டு பேரு. ஜப்பான்காரன் சரின்னுட்டான்."

"வழியில மண்ணு வெடிச்சா?" என்றாள் அக்காள்.

"ஒரு டின்னுல குழைச்சுக் குடு, பூசிக்கிறேன்."

"ஒங்களுக்குப் பூசத் தெரியுமா?"

அத்தான் யோசித்தார். "தெரியாது."

"அப்ப நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அக்காள் புற்றுமண் எடுக்கக் கூடையோடு கிளம்பினாள்.