ரங்கன் சொன்ன ஆறு எண்கள்

ஆவி வந்தது, செத்தவர் குரல் கேட்டது என்று யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்சூரன்ஸ் ஆபீசில் டெத் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் வேறு எப்படி இருப்பான், சொல்லுங்கள். சான்றிதழில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் மனிதர் போய்விட்டார், அத்தோடு ஃபைலை மூடிவிடலாம், அதற்கப்புறம் அவரிடமிருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வந்ததாக நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நானே பாதி நாள் நம்புவதில்லை. என் நண்பனோடு நான் கடைசியாகப் பேசியது எந்த நாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, என் துக்கம் அதுதான்.

நண்பன் பெயர் ரங்கன். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை, வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. நான் எடமலைப்பட்டி புதூர்க் கிறிஸ்தவன், அவன் நெற்றியில் திருமண் இல்லாமல் வாசல்படி தாண்டாதவன், ஆனால் டிபன் பாக்ஸ் தவிர எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நாங்களெல்லாம் பாம்பைப் பார்த்த மாதிரி ஒதுங்கி நிற்க, அவன் மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். எனக்கு ஈமெயில் ஆரம்பித்துக் கொடுத்தவனும் அவன்தான். ஃபோன் நம்பர் கேட்கிற இடத்தில் அவன் நம்பரையே போட்டுவிட்டான். நான் சலுகைக்குச் சலுகை சிம் மாற்றுகிற ஆள், அவன் நம்பர் என்றைக்கும் மாறாது, அதுதான் காரணம். நம் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான், விவரம் தெரிந்த ஒருத்தர் நம்பரில் பத்துப் பேருடைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே நான் புதிதாக எந்தக் கம்ப்யூட்டரில் மெயில் திறந்தாலும் சரிபார்க்கும் எண் ஸ்ரீரங்கத்துக்குப் போகும். நான் ரங்கனைக் கூப்பிடுவேன், அவன் பாலிசி நம்பர் வாசிக்கிற பழக்கத்தில் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசிப்பான், ஒரே எண் இரண்டு முறை வந்தால் "டபுள்" போடுவான். கூடவே என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு திட்டும் கிடைக்கும். ரிடையர் ஆன பிறகு என் நம்பரையே போட்டுக்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். அதற்கு அவன், "மாத்தாதேடா. மாத்திட்டா அப்புறம் நீ என்னை எதுக்குக் கூப்பிடப்போறே?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், நானும் சிரித்தேன், ஆனால் அதில் பொய் ஒன்றுமில்லை. கடைசி வருடங்களில் நான் அவனைக் கூப்பிட்டதெல்லாம் அந்த எண்ணுக்காகத்தான்.

போன வருடம் எங்கள் சர்ச்சுப் பங்கிலிருந்து திருயாத்திரை கிளம்பினோம், பாத்திமா, லூர்து, கடைசியில் ரோம். கிளம்புவதற்கு முன் ஸ்ரீரங்கம் போய் அவனிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றிருந்தேன். பெட்டிக்குப் பூட்டு வாங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவன்தான், எதிரிலேயே ஸ்ரீரங்கம் பஸ் நிற்கிறது, ஏறினால் பாலம் தாண்டி அவன் வீடு. வெயிலாக இருந்தது, இன்னும் அடுக்க வேண்டிய சாமான் ஞாபகம் வந்தது, திரும்பிவிட்டேன். ஃபோனில்தான் சொன்னேன். போயிட்டு வா, வந்து ஒண்ணு விடாமல் கதை சொல்லணும் என்றான்.

ரோமில் கடைசி நாள் மாலை, கூட்டமான பஸ்ஸில் என் ஃபோன் போய்விட்டது. விழுந்ததா, எடுத்தார்களா, தெரியாது. மறுநாள் விடியலில் மற்றவர்கள் ஊருக்குக் கிளம்ப, நான் மட்டும் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. என் மனைவி பிலோமினாவின் அக்கா மகள் ஊருக்கு வெளியே ஒரு கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அவள் ஃபோன் நம்பர், மடத்து முகவரி, என் திரும்புகிற டிக்கெட் எல்லாமே மெயிலில் இருந்தன. மற்றவர்கள் எல்லாவற்றையும் பேப்பரில் எடுத்து ஃபைல் போட்டுக்கொண்டு வந்ததைக் கிண்டல் செய்தவன் நான், அதனால் ஃபோன் போனதை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிலோமினாவின் அக்கா மகள் வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்று வீறாப்பாகச் சொல்லி எல்லோரையும் வழியனுப்பிவிட்டேன்.

ஓட்டல் முன்கூடத்தில் தங்குகிறவர்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடவுச்சொல்லைப் போட்டேன். புது இடம், எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது, கீழே ரங்கன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம். வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் பாதி வார்த்தையிலும் பாதி கை ஜாடையிலும் கெஞ்சி அவள் ஃபோனை வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் ரங்கனுடையதுதான். சொன்னால் வெட்கம், பிலோமினா நம்பர் எனக்குத் தெரியாது, பெயரை அழுத்தித்தானே பழக்கம். அங்கே காலை பத்து மணி இருக்கும், நம் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், தூங்கப்போகிறவனை எழுப்புகிறோமே என்றுகூட நினைத்தேன்.

இரண்டு மூன்று முறை அடித்தது, எடுத்தான். "சொல்லுடா சவரி" என்றான். வெளிநாட்டு நம்பரைப் பார்த்து நான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, பயணம் போயிருப்பது அவனுக்குத் தெரியுமே. ஃபோன் தொலைந்த கதையைச் சொல்லி நம்பர் வந்ததா என்று கேட்டேன். "எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தான், ஆறு எண்கள், நடுவில் ஒரு "டபுள்". குரலில் எந்த வித்தியாசமும் இல்லை, அவன் குரல்தான், சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். திட்டவில்லை, அது ஒன்றுதான் குறை.

வைக்கப்போனேன். "வேற என்னடா?" என்றான்.

"கவுன்ட்டர் பொண்ணு முறைக்குதுடா. வந்து நேர்லயே பேசுறேன்."

"எனக்கென்ன அவசரம். பேசேன், கேட்டுண்டிருக்கேன்."

அந்தப் பெண் உண்மையில் முறைக்கவில்லை, யாருக்கோ சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். எண் காலாவதியாகிவிடுமே என்ற பதற்றம்தான் எனக்கு. வைத்துவிட்டேன். ஓடிப்போய் எண்ணைப் போட்டேன், மெயில் திறந்தது. இதை மட்டும் கவனியுங்கள், மெயில் திறந்தது. டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டேன், சிஸ்டர் நம்பர் கிடைத்தது, மாலைக்குள் அவளே வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் ஃபோனிலிருந்து பிலோமினாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நல்லவேளை ரங்கன் எடுத்து நம்பர் சொன்னான், இல்லையென்றால் ரோமில் பிச்சைதான் எடுத்திருப்பேன் என்றேன். "யாரு எடுத்தாங்க?" என்றாள். லைன் சரியில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னேன். "எப்போ பேசினீங்க?" என்றாள். இன்றைக்குத்தான், காலையில் என்றேன். "சரிங்க, பத்திரமா வாங்க, வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கல்யாணமான புதிதில்கூட ரோட்டில் கை பிடிக்காதவள். ரங்கன் அண்ணன் தவறிட்டாங்க என்றாள். நான் ரோமிலிருந்து பேசியதற்கு முதல் நாள் விடிகாலை, தூக்கத்திலேயே. செய்தி வந்ததும் இவள் ஸ்ரீரங்கம் போய் அவன் முகத்தைப் பார்த்து, கொள்ளிடக் கரைக்கு எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். திருயாத்திரை போனவருக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது, முடித்துவிட்டு வரட்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், அதனால் எனக்குச் சொல்லவில்லை. "நீங்க பேசினேன்னு சொன்னதும் ஃபோனை வெச்சுட்டு மாதா படத்துக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்தினேங்க" என்றாள். அவளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அந்த நம்பரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். என் மூளை பழைய ஆபீஸ் மூளை, வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனது. ரங்கனுக்குப் பிள்ளை இல்லை, காரியம் செய்கிறவன் அவன் அண்ணன் மகன், குரல் ஒன்றுபோல இருக்கலாம், அவன் எடுத்து வாசித்திருப்பான், துக்கத்தில் விஷயத்தைச் சொல்லத் தோன்றியிருக்காது. ஆனால் அவன் எதற்கு என்னைச் சவரி, வாடா போடா என்று கூப்பிடப் போகிறான், அந்த இடத்தில் கணக்கு உதைத்தது. ரங்கன் மனைவி வைதேகியிடம், எனக்கு அவர் என்றைக்கும் மாமிதான், ஃபோன் யாரிடம் இருந்தது என்று கேட்டேன்.

"ஃபோனா? அவர் போன அன்னிக்குக் கார்த்தாலயே அணைச்சு பீரோல வெச்சுட்டேன். லோன் வேணுமானு யாரோ கூப்பிட்டுண்டே இருந்தா, தாங்கலை. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார்.

எழுந்து போய்த் திறந்து எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்தார். உயிர்ப்பித்தேன். என் அழைப்பு அதில் இல்லை. ஆறு எண்களும் இல்லை. மொட்டை போட்டிருந்த அந்த அண்ணன் மகன், இத்தனை நாள் அணைந்து கிடந்தால் மெசேஜ் வராமலே போகலாம் என்றான். அவன் குரல் கீச்சுக் குரல், ரங்கனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மறைத்து வைக்க முடியாமல் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேற என்ன சொன்னார்?" என்று கேட்டார். ரங்கன் போன அன்று காலை காபி கலந்து வைத்துவிட்டு எழுப்பப் போயிருக்கிறார், ரங்கன் எழுந்திருக்கவில்லை, முதல் நாள் ராத்திரி விளக்கை அணை என்று சொன்னதுதான் அவருக்குக் கிடைத்த கடைசிப் பேச்சு. என் கையில் என்ன இருந்தது கொடுக்க? நான் பேச விடவில்லை மாமி, பேசேன் என்றான், நான்தான் வைத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கதை சொல்லு என்று கேட்டவனிடம் எண் மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அது ரங்கன் என்றால் அவனை வீணாக்கிவிட்டேன், இல்லை என்றால் கிளம்புவதற்கு முன் பஸ் ஏறாமல் திரும்பினேனே, அதோடு முடிந்துபோனது. எப்படிப் பார்த்தாலும் இழந்தவன் நான்தான்.

மாமி அழவில்லை. ஃபோனை என் கையிலிருந்து வாங்கி அணைத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆசாரியன் திருவடி சேர்ந்துட்டார்னு எல்லாரும் சொல்றா. நீங்க கூப்பிட்டேள், எடுத்திருக்கார். நான் கூப்பிட்டிருந்தா எனக்கும் எடுத்திருப்பாரோ?"

அணைத்து பீரோவில் வைத்த ஃபோனை யாராவது கூப்பிடுவார்களா. அது எப்படி மாமி என்று ஏதோ இழுத்தேன். "எனக்குத் தோணவே இல்லையே" என்றார் அவர். ரோமில் பேசிய விஷயத்தை மாமியிடம் சொல்லாமலே வந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்த ஃபோன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, அணைத்தபடியே. நம்பர் செத்துப்போகாமல் மாமி ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டிருக்கிறார். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் வீட்டு லேண்ட்லைனிலிருந்து அந்த நம்பரை ஒருமுறை கூப்பிடுகிறார் என்று அண்ணன் மகன் என்னிடம் வருத்தப்பட்டான். ஸ்விட்ச் ஆஃப் என்று பதிவுக் குரல் சொல்லும், கேட்டுவிட்டு வைத்துவிடுவார், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லுங்கள் மாமா என்றான். எந்த முகத்தோடு சொல்வது? மெயிலில் ரங்கன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொல்லி பிலோமினாவும் பிடுங்குகிறாள், அதையும் செய்யவில்லை.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் மாமியே என்னைக் கூப்பிட்டார். நான் வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பீரோ பூட்டித்தான் இருக்கிறதாம், இப்போதுதான் திறந்து பார்த்தாராம், ஃபோன் அணைந்துதான் கிடக்கிறதாம்.

"ஆனா இன்னிக்கு ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லலை. வேற ஒருத்தரோட பேசிண்டிருக்கார், அப்புறம் கூப்பிடுங்கோன்னு வரது. மூணு தடவை போட்டுட்டேன். நீங்களா பேசிண்டிருந்தேள்?"

அந்தக் குரலில் பயம் துளியும் இல்லை. கொஞ்சம் பொறாமைதான் இருந்தது. நான் இல்லை மாமி என்றேன்.

மாமி மெதுவாக, "அப்போ வேற யாரோட பேசிண்டிருக்கார்?" என்று என்னைக் கேட்டார்.